பத்தரை மணிச் சூரியன்

கொடைக்கானல்,
12.11.2005

அன்பு மகள் தாரணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம். அம்மாவின் இருமல் எங்கள் இரண்டு பேரையும்விடச் சௌக்கியம். மதுரை வெயிலில் நீ வாடாமல் இருக்கிறாயா? ஹாஸ்டல் சாம்பாரோடு சமாதானம் ஆகிவிட்டதா?

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அம்மா பாண்டியம்மாள் கைக்குப் போய்விடுகிறது, பிறகு என் முறை வருவதேயில்லை. தவிர, இது அவளுக்குத் தெரியாமல் பேச வேண்டிய சோலி.

நம் சன்ரைஸ் காட்டேஜுக்கு ஒரு வெப்சைட் வேண்டும். நீதான் அந்த ஆபீசில் நாள் முழுக்க அதைச் செய்கிறாயே. வர்ற வருஷம் குறிஞ்சி பூக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற கூட்டம். அதில் நம் நாலு அறையும் நிரம்பாவிட்டால் காட்டேஜைக் கொடுத்துவிட வேண்டியதுதான். வாங்குவதற்கு ஆள் தயாராகவே நிற்கிறான். வேறு யார், நீ முருகன் சித்தப்பா என்று கூப்பிடுகிற ஜெயமுருகன்தான்.

குறிஞ்சியாண்டவர் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றி, பள்ளத்தாக்குப் பக்கம் இரண்டு பேரும் மாடி கட்டுவதில்லை என்று நானும் அவனும் பேசிக்கொண்டது உனக்குத் தெரியும். அன்றைக்கு நீ அவன் தோளில் உட்கார்ந்திருந்தாய். இப்போது அவனுடைய ஜே.எம். கிராண்ட் மூன்று மாடியாக நம் கிழக்கே நிற்கிறது. நம் ஜன்னலைத் திறந்தால் அவனுடைய பாத்ரூம் குழாய்தான் தெரிகிறது. சூரியன் அவன் மாடியில் ஏறி இறங்கி நம்மிடம் வருவதற்குப் பத்தரை மணி ஆகிறது. சன்ரைஸ் என்று போர்டு வைத்துக்கொண்டு பத்தரை வரை இருட்டில் உட்கார்ந்திருக்கிற ஒரே லாட்ஜ்காரன் இந்த மலையில் நானாகத்தான் இருப்பேன்.

அவன் ஹோட்டல் ஒரு வாரமாவது காலியாகக் கிடக்க நான் பார்க்க வேண்டும். என் பேர் சேனாதிபதி. படை என்று பார்த்தால் நீ ஒருத்திதான்.

ஆசீர்வாதத்துடன்,
அப்பா


மதுரை,
24.11.2005

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம். அம்மாவுக்கு இருமல் மருந்தை வெந்நீரோடு கொடுங்கள், காபியோடு அல்ல.

இத்துடன் பத்து டெம்ப்ளேட்களைக் கலரில் பிரிண்ட் எடுத்து அனுப்பியிருக்கிறேன். டெம்ப்ளேட் என்பது தைத்து வைத்த சட்டை மாதிரி. பிடித்ததை எடுத்து நம் அளவுக்குச் சரி செய்துகொள்ளலாம். ஒவ்வொன்றின் மூலையிலும் நம்பர் போட்டிருக்கிறேன்.

ஒரு விஷயம். அதில் இருக்கிற படங்களும் எழுத்தும் வெறும் மாதிரி. எடுத்துவிட்டு நம்முடையதைப் போட வேண்டும். எல்லா வாடிக்கையாளருக்கும் முதலில் நான் சொல்வது இதைத்தான். சொல்லாவிட்டால் அழகாக இருக்கிறது என்று அப்படியே வைத்துக்கொள்கிறார்கள்.

முருகன் சித்தப்பா பற்றி இவ்வளவு கோபம் வேண்டாம் அப்பா. உங்களுக்குப் பிரஷர் இருக்கிறது.

அன்புடன்,
தாரணி


கொடைக்கானல்,
5.12.2005

அன்பு மகளுக்கு,

நலம். நீயும் அவ்வாறே இருக்க வேண்டும். மருந்தை வெந்நீரில்தான் கொடுக்கிறேன். அவள் அதைக் காபியில் ஊற்றிக்கொள்கிறாள்.

பத்துப் படங்களையும் கட்டிலில் பரப்பி ஒரு வாரம் பார்த்தேன். எழுத்துதான் ஒன்றும் விளங்கவில்லை. இங்கிலீஷ் மாதிரி இருந்தது, ஆனால் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒன்றும் அதில் இல்லை. என் ஒன்பதாம் வகுப்புப் படிப்பின் குறை என்று நினைத்து, மிஷன் ஸ்கூலில் இருந்து ரிட்டயர் ஆன சுவாமிநாதன் வாத்தியாரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, இது லத்தீன், பழைய பூசைப் பாஷை என்றார். வெப்சைட்டுக்காக நான் ஞானஸ்நானம் வாங்க வேண்டியிருக்குமா என்று எழுது.

எனக்குப் பிடித்தது ஏழாம் நம்பர். பக்கம் முழுக்க ஒரே படம், பனி மூடிய மலை, கீழே நீல ஏரி. அந்தப் படத்தை எடுத்துவிட்டு நம் பள்ளத்தாக்கைப் போடு. மாடி கட்டுவதற்கு முந்தின வருஷம் நம் ஜன்னலில் இருந்து எடுத்த போட்டோ, மேகம் கீழே படுத்திருக்குமே, அதை இத்துடன் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்தால் ஜே.எம். கிராண்டுக்கு எவன் போவான்? வருகிறவன் ஜன்னலைத் திறந்து குழாயைப் பார்க்கும்போது பெட்டி உள்ளே வந்திருக்கும். அப்புறம் நான் பேசிச் சமாளித்துக்கொள்வேன்.

அவனுக்கு இப்படி ஒரு வெப்சைட் இல்லை. அதை நினைத்தாலே எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது.

அப்பா


மதுரை,
16.12.2005

அன்புள்ள அப்பா,

நலம். இங்கேயும் இரவில் கொஞ்சம் குளிர் வந்துவிட்டது. நம் ஊர் ஆட்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

அது லத்தீன்தான், ஆனால் பூசை இல்லை. இடத்தை நிரப்ப வைத்த அர்த்தமில்லாத எழுத்து. நீங்கள் பழனிக்கே போகலாம்.

போட்டோவைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் வெப்சைட்டில் போட மாட்டேன். இல்லாததைக் காட்டக் கூடாது அப்பா. பிள்ளை குட்டியோடு பஸ்ஸில் மலையேறி வந்து, ஜன்னலைத் திறக்கிறவர்கள் முகத்தை நினைத்துப் பாருங்கள். பெட்டி உள்ளே வந்தாலும் அவர்கள் திரும்ப வரமாட்டார்கள், நாலு பேரிடமும் சொல்வார்கள்.

வேறு நம்பர் பாருங்கள். முருகன் சித்தப்பாவிடம் ஒரு தடவை நேரில் பேசிப் பார்க்கலாமே?

தாரணி


கொடைக்கானல்,
18.1.2006

அன்பு மகளுக்கு,

பொங்கலுக்கு நீ வராதது குறைதான். கரும்பில் உன் பங்கையும் நானே தின்றதில் பல் வலி. மற்றபடி நலம்.

பேசிப் பார்க்கச் சொன்னாய். அந்தச் சிரமம் எனக்கு வேண்டாம் என்று அவனே வந்தான். பொங்கல் அன்று வெள்ளனே, அம்மா வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே போன நேரம். கூட ஒரு கொத்தனார். இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் காலாலேயே அளந்துகொண்டு நடந்தான். நான் வெளியே வந்ததும் சிரித்தான்.

"அண்ணே, எட்டுக் காரு தாராளமா நிக்கும்ல?" என்றான்.

நம் காட்டேஜை இடித்தால் அவன் ஹோட்டலுக்குக் கார் நிறுத்த இடம் சரியாக இருக்குமாம். சீசன் முடிந்ததும் முடித்துவிடலாம், நமக்குள் என்ன என்றான். நானும் சிரித்தேன். எனக்குத்தான் எதற்கும் சிரிப்பு வந்துவிடுமே. அவன் போன பிறகுதான் பார்த்தேன், கோலத்தின் நடுவில் இருந்து கேட் வரை அவன் செருப்புத் தடம் மாவாகப் போயிருந்தது.

அம்மா திரும்ப வெளியே வந்தாள். தண்ணீர் தெளித்து, திரும்பவும் முதலில் இருந்து போட்டாள். குனிந்து நிமிர இருமல் விடவில்லை. வெயில் இல்லாமல் போர்வைகள் எதுவும் காய்வதில்லை. ஈரப் போர்வை மடிக்கிற நெஞ்சு பின்னே எப்படி இருக்கும்? நான் கோலமாவுக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சேனாதிபதி செய்த யுத்தம் அவ்வளவுதான்.

சீக்கிரம் ஒரு டெம்ப்ளேட் முடிவு செய்து அனுப்பு.

அப்பா


மதுரை,
20.2.2006

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை, மன்னியுங்கள். ஆபீசில் சிவராமன் சார் புது வேலைகள் நிறையப் பிடித்திருக்கிறார். எல்லாம் அவர் போனில் பேசி முடிக்கிறார், நான் செய்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. பல் வலி எப்படி?

உங்களுக்கு மூன்றாம் நம்பரை முடிவு செய்திருக்கிறேன். அதில் படத்துக்கு இடமே இல்லை. வெள்ளைப் பக்கம், எழுத்து மட்டும். என்ன எழுதுவது என்பதை என்னிடம் விடுங்கள். உங்கள் பழைய கடிதங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன.

இரண்டு விஷயம் தெரிய வேண்டும். பொங்கல் அன்று அம்மா போட்டது என்ன கோலம்? பக்கத்து ஹோட்டல்காரர் செருப்பைக் கழற்றவே இல்லையா?

தாரணி


கொடைக்கானல்,
6.3.2006

மகளுக்கு,

நலம் விசாரித்து எழுத வேண்டும். ஆனால் இன்றைக்கு நான் நலமாக இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிரவுசிங் சென்டரில் நம் மூன்றாம் நம்பர் வந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன், இன்னும் வரவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த பெண், ஜே.எம். கிராண்ட் வெப்சைட்டைப் பாருங்க சார், சூப்பரா இருக்கு என்று திறந்து காட்டினாள். ஏழாம் நம்பர். என் ஏழாம் நம்பர். தைத்து வைத்த சட்டை என்று நீ சொன்னாய், அதை யார் வேண்டுமானாலும் வாங்கலாம்தான், ஆனால் என் அளவுச் சட்டையை அவன் போட்டுக்கொண்டு நிற்கிறான்.

அதைவிடப் பெரிய கூத்து, அந்தப் பனி மலையையும் நீல ஏரியையும் அவன் எடுக்கவே இல்லை. மேலே ஜே.எம். கிராண்ட், கொடைக்கானல் என்று எழுத்து, கீழே பனி. இந்த ஊரில் பனி ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது. சீசனுக்கு இப்போதே பாதி அறை புக் ஆகிவிட்டதாம், கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

உண்மையிலேயே இருந்த பள்ளத்தாக்கைப் போட வேண்டாம் என்றாய். அவன் சீமையில் இருக்கிற மலையையே தூக்கி வந்து வைத்திருக்கிறான். எனக்கு வெள்ளைத்தாள். அவனைத் தோற்கடிக்க உன்னிடம் கேட்டேன், நீ எனக்கு ஒழுக்கம் சொல்லித் தந்தாய். போகட்டும். சீசன் முடிந்ததும் அவன் கொத்தனாரிடம் நானே சாவியைக் கொடுத்துவிடுகிறேன்.

அம்மா போட்டது பொங்கப் பானைக் கோலம். செருப்பைக் கழற்றவில்லை.

அப்பா


மதுரை,
14.3.2006

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் பிரஷர் மாத்திரை தீர்ந்திருக்கும், வாங்கி வையுங்கள்.

சாவியை யாரிடமும் கொடுக்க வேண்டாம். சீசன் தொடங்கட்டும்.

போன் வந்தால் அம்மாவிடம் விடாமல் நீங்களே எடுங்கள். உள்ளதைச் சொல்லுங்கள், உங்கள் பாணியிலேயே சொல்லுங்கள்.

தாரணி


கொடைக்கானல்,
10.5.2006

செல்ல மகளுக்கு,

நானும் அம்மாவும் அமோகம். கை ஒழியாததால் எழுதத் தாமதம். நாலு அறையும் நிறைந்து, ஐந்தாவதாக எங்கள் அறையையும் கொடுத்துவிட்டு நானும் அம்மாவும் சமையல்கட்டில் படுக்கிறோம். அடுப்புச் சூட்டில் அவளுக்கு இருமல்கூடக் குறைந்திருக்கிறது.

முதலில் ஜே.எம். கிராண்ட் சேதி. ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்தது. சுவருக்கு இந்தப் பக்கம் நின்றாலே போதும், எல்லாம் கேட்கும். சென்னையில் இருந்து ஒரு பெரிய குடும்பம். பெரியவர் பனிக்கென்றே கையுறையும் குரங்குக் குல்லாவும் வாங்கி வந்திருக்கிறார். வந்ததும் ஜன்னல் ஜன்னலாகத் திறந்து பார்த்திருக்கிறார். பிறகு ரிசப்ஷனுக்கு இறங்கினார்.

"எங்கங்க அந்த மலை?"

"மலைமேலதானங்க நிக்கிறீங்க" என்றான் முருகன்.

"பனி?"

"டிசம்பர்ல வாங்க, காலையில புல்லெல்லாம் வெள்ளையாக் கெடக்கும்."

"ஏரியாவது இருக்கா?"

"அது கீழ இருக்குங்க. ஒரு ஆட்டோ புடிச்சா வெரசாப் போயிரலாம்."

அந்த வீட்டுச் சின்னப் பெண் நிதானமாகக் கேட்டாள்: "அங்கிள், அந்த மலைய வேற எடத்துல வச்சிருக்கீங்களா?"

சுவரோரம் கறிவேப்பிலை பறிப்பதுபோல் நின்ற நான் செடியையே மொட்டையடித்துவிட்டேன். அன்றைக்குத் தொடங்கி நாள் தவறாமல் ஒரு சண்டை. பெங்களூரில் இருந்து கல்யாணம் ஆன சூட்டோடு வந்த ஜோடி, அந்தப் பெண் ரிசப்ஷனிலேயே அழுதுவிட்டாள். முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு பெட்டியோடு வாசலில் நிற்கிறவர்களுக்கு அடுத்த போர்டு எது? நம்முடையது.

வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே வருகிறார்கள். காரணத்தை ஒரு டாக்டர் தன் லேப்டாப்பில் காட்டினார். என் கடிதத்தில் இருந்து திருடியிருக்கிறாயே. "எங்கள் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து ஹோட்டலின் பாத்ரூம் குழாய் தெரியும். சூரியன் எங்களிடம் பத்தரை மணிக்குத்தான் வரும், அதுவரை தூங்கலாம். வெந்நீர் உண்டு. வியூ இல்லை." டாக்டர் ஜன்னலைத் திறந்து குழாயைப் பார்த்துவிட்டு, சொன்னபடியே இருக்கு என்று கை கொடுத்தார். இப்படி ஒரு குழாய்க்கு மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை.

ஜே.எம். கிராண்ட் மேல் மாடியில் மூன்று நாளாக விளக்கு எரியவில்லை. அறைகள் காலி. பார்த்துக்கொண்டே நின்றேன், அம்மா சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

இவன் இவ்வளவு முட்டாளாக இருப்பான் என்று எனக்குத் தெரியாது. யாரோ அந்தக் கம்பெனிக்காரன் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?

ஆசீர்வாதங்களுடன்,
அப்பா


கொடைக்கானல்,
4.6.2006

அன்பு தாரணிக்கு,

நலம். போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை.

நேற்றுக் காலையில் முருகன் வந்தான். ஏழு மணி இருக்கும். கேட்டில் நின்று செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். கோலத்தைச் சுற்றி நடந்தான். முன்னறையில் நாற்காலி போட்டேன். அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

அவன் ஸ்வெட்டரை இழுத்து விட்டுக்கொண்டான். பிறகு, "ஏண்ணே, இங்க மட்டும் இப்பிடிக் குளிருது?" என்றான்.

"சூரியன் வரலப்பா. பத்தரைக்கு வருவாரு. வந்ததும் பேசுவோம்" என்றேன்.

பத்தரை வரைக்கும் உட்கார வைத்தேன், தாரணி. கப்பில் காபி ஆறி ஆடை கட்டியது. எனக்கும் நடுக்கம்தான். ஆனால் நான் மூன்று வருஷமாகப் பழகியவன்.

வெயில் கால் விரலுக்கு வந்ததும் சொன்னான். வெப்சைட்டில் அந்தப் படத்தை மாற்ற வேண்டுமாம். மதுரைக் கம்பெனிக்கு ஒரு மாதமாகப் போன் செய்கிறானாம், அந்த வேலை பார்க்கிற பொண்ணு லீவு, வந்ததும் மாற்றுவாள் என்றே சொல்கிறார்களாம். "நம்ம தாரணி கம்ப்யூட்டர்லதான இருக்கு, அதுகிட்டச் சொல்லி மாத்தித் தரச் சொல்லுங்கண்ணே. குறிஞ்சிக்குக் கூட்டம் வரும், இந்தப் படம் இருந்தா நான் தொலஞ்சேன்" என்றான்.

எழுதிக் கேட்கிறேன் என்று அனுப்பினேன்.

சாயங்காலம், திரும்பவும் வந்து தங்கியிருக்கிற அந்த டாக்டரின் லேப்டாப்பை வாங்கி ஜே.எம். கிராண்டைத் திறந்தேன். பக்கத்தைக் கீழே தள்ளிப் பார்க்கலாம் என்பது அவர் காட்டித்தான் தெரிந்தது. பனி மலை போய், ஏரி போய், அடியில் சின்னதாக, வடிவமைத்தவர்கள் என்று ஒரு பேர் இருந்தது. மதுரை. உன் கடிதக் கவரில் இருக்கிற அதே பேர்.

நீ லீவு போட்டதாக எனக்கு எழுதவில்லையே அம்மா.

அப்பா


மதுரை,
15.6.2006

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நான் லீவு போடவில்லை. போனில் அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான்.

ஜனவரியில், உங்கள் பொங்கல் கடிதம் வந்த மறு வாரம், பக்கத்து ஹோட்டல்காரர் சிவராமன் சாருக்குப் போன் செய்தார். எனக்குத்தான் வேலை வந்தது. மாதிரிகளை அனுப்பினேன். ஏழாம் நம்பர் போதும், படத்தில் கை வைக்க வேண்டாம், அதுதான் கெத்து என்று சாரிடம் சொல்லிவிட்டார். அது மாதிரிப் படம், எடுத்துவிட வேண்டும் என்று எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்வேன். அவருக்குச் சொல்லவில்லை.

மாற்றுவதற்கு அரை நாள் வேலைகூட இல்லை. நீங்கள் சொன்னால் மாற்றிவிடுகிறேன். நீங்கள் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு வெயில் கிடைக்கிற இடத்தில் நாற்காலி போடுங்கள்.

தாரணி


கொடைக்கானல்,
30.7.2006

அன்பு மகள் தாரணிக்கு,

நாங்கள் இருவரும் நலம். அம்மா நாற்காலியை எடுத்துக்கொண்டு வெயில் போகிற பக்கமெல்லாம் போகிறாள். குறிஞ்சி பூக்கத் தொடங்கிவிட்டது. சரிவெல்லாம் நீலம். செப்டம்பர் வரை நம்மிடம் அறை இல்லை.

உன் கடிதத்துக்குப் பதில் எழுதப் பல தடவை உட்கார்ந்தேன். பேசித் தீர்ந்துபோகிற கோபம் என்னுடையது. உன்னுடையது அப்படியில்லை. அன்றைக்கு அவன் தோளில் உட்கார்ந்திருந்த பிள்ளை கோபத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு நாள் அசையாமல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. முதலில் பயந்தேன். அப்புறம், பொய் சொல்லக் கூடாது, ஒரு தட்டு அல்வா வாங்கி நானே தின்றேன்.

ஆனாலும் மாற்றச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். முருகன் அதற்குப் பிறகு வாரா வாரம் வந்தான். ஒவ்வொரு தடவையும் அதே நாற்காலி, அதே பத்தரை மணி. சத்தியத்தை மீறிக் கட்டிய அந்த மாடியைப் பற்றி அவன் வாயில் இருந்து ஒரு வார்த்தை வருமா என்று பார்த்தேன். வந்திருந்தால் அன்றைக்கே உனக்குத் தந்தி அடித்திருப்பேன்.

நேற்று வந்தவன், பழசையெல்லாம் மறந்திருவோம்ணே என்றான்.

நான் என் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். "எதப்பா பழசுங்கிற?" என்று கேட்டேன்.

"அதான் ஏதோ இருந்துச்சுல்ல நமக்குள்ள" என்றான். அப்படியே ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தவன், கண்ணாலேயே ஒரு மூலையில் இருந்து மறு மூலைக்குப் போய் வந்தான். "குறிஞ்சி முடிஞ்சதும் அந்தக் காரு சோலியையும் பேசிரலாம்ணே."

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவனிடம் சொன்னேன், தாரணிக்கு ரொம்ப வேலைப்பா, ஆனா கண்டிப்பாச் செஞ்சுரும், குறிஞ்சி விசயமாத்தான் கேட்டிருக்கேன்னு. பெரிய உபகாரம்ணே என்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

நான் சொன்னால் மாற்றுவதாக எழுதியிருந்தாய். சொல்கிறேன். அந்தப் படம் அப்படியே இருக்கக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். உடம்பைக் கெடுத்துக்கொண்டு அவசரப்படாதே. அடுத்த குறிஞ்சிக்கு மாற்றினால் போதும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா
சேனாதிபதி